ஊட்டியில் வேகாத பருப்பும் ரீஸ்டார்ட் ஆகாத சர்வரும்

மேட்டுப்பாளையத்திலிருந்து என் அக்கா ஊட்டிக்குக் குடிவந்த முதல் வாரம். குக்கர் இன்னும் மூட்டையை விட்டு வெளியே வரவில்லை. பானையில் துவரம்பருப்பைப் போட்டு, கீழே எவ்வளவு நேரம் வைப்பாளோ அவ்வளவு நேரம் வைத்து இறக்கினாள். பருப்பு பருப்பாகவே இருந்தது. கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை போகாது, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்வைக்குத் தளதளவென்றுதான் கொதிக்கும், சூடுதான் போதாது. "அரை மணி நேரம் வேகவிடு" என்ற குறிப்பு கீழே சரி, மேலே தப்பு. "நசுக்கினால் மசியும்வரை வேகவிடு" என்று இருந்திருந்தால் இரண்டு ஊரிலும் சாம்பார் கிடைத்திருக்கும்.

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு சில ஹோம்ஸ்டேக்கள், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒன்றிரண்டு கடைகள் என்று சின்னச் சின்ன இடங்களின் வெப் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எல்லாம் லினக்ஸ். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொருவர் கையால் அமைக்கப்பட்டது. ஒன்றில் உபுண்டு 18.04, இன்னொன்றில் 22.04, மற்றொன்றில் ராக்கி லினக்ஸ் 9. ஓர் இடத்தில் நன்றாக ஓடும் ஸ்கிரிப்டை இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் அக்காவின் பருப்புக் கதைதான். இது ஏன் நடக்கிறது, எப்படி எழுதினால் நடக்காது என்பதை இப்போதுதான் இந்த வேலைக்குள் வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கிலத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

சர்வரில் கையால் ஒவ்வொன்றாக அடிக்கும் கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைத்தால் அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் புரோகிராம். சர்வர் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைல்களைச் சுருட்டி வைப்பது, பேக்கப் எடுப்பது, வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது போன்ற தினப்படி வேலைகளை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும்படி, சொன்ன நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானில் போட்டுவிட்டுத் தூங்கலாம். தூங்கலாம் என்பதுதான் இதில் உள்ள சுகம், ஆபத்தும் அதுவேதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஹோம்ஸ்டே முன்பதிவுத் தளம் ஒன்று பழைய உபுண்டு சர்வரில் இருந்தது. அதைப் புதிய ராக்கி லினக்ஸ் சர்வருக்கு மாற்றினேன். வாராவாரம் ஓடும் என் லாக் ஸ்கிரிப்டும் கூடவே போனது. அது செய்வது மூன்றே வேலை: அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் எழுதும் லாக் ஃபைலுக்குத் தேதியோடு வேறு பெயர் வைக்கும், அதை ஜிஜிப் போட்டுச் சுருக்கும், கடைசியாக அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யும். உபுண்டுவில் லாக் இருக்கும் ஃபோல்டரின் பெயர் அப்பாச்சி2. ராக்கியில் அதன் பெயர் எச்டிடிபிடி. அதைக் கவனித்து மாற்றினேன். கடைசி வரியில் ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய சர்வீஸின் பெயரும் அப்பாச்சி2 என்றே இருந்தது. அதை மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு, என் ஸ்கிரிப்ட்தான் இருக்கிறதே, ஒரே வேலையை இரண்டு பேர் எதற்குச் செய்ய வேண்டும் என்று லாக்கைச் சுருட்டுவதற்கென்றே ராக்கியோடு வந்த லாக்ரொட்டேட்டையும் நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

மே மாதம், சீசன் உச்சம். காலை ஏழு மணிக்கு ஹோம்ஸ்டே அக்காவிடமிருந்து ஃபோன்: "தம்பி, சைட் ஓபனே ஆகமாட்டேங்குது, கெஸ்ட் எல்லாம் என்னைத் திட்டறாங்க." உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், டிஸ்கில் மீதி இடத்தைச் சொல்லும் டிஎஃப் போட்டால் இடமே இல்லை என்கிறது, ஃபைல்களின் அளவைச் சொல்லும் டியூ போட்டு ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே போனது?

லினக்ஸில் ஒரு ஃபைலை ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும்போது நீங்கள் அதை அழித்தால், பெயர்தான் போகும். அந்தப் புரோகிராம் கையை எடுக்கும்வரை ஃபைல் டிஸ்கில் இடம் பிடித்துக்கொண்டே இருக்கும். பெயர் மாற்றினாலும் அப்படித்தான், அது பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஜிஜிப் சுருக்கி முடித்ததும் மூல ஃபைலை அழித்துவிட்டது. அப்பாச்சிக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டிய கடைசி வரி அந்தச் சர்வரில் இல்லாத ஒரு சர்வீஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெயரில்லாத ஒரு ஃபைலுக்குள் அப்பாச்சி வாரக்கணக்கில் எழுதித் தள்ளியிருக்கிறது. அப்படி ஒரு சர்வீஸ் இல்லை என்ற பிழைச் செய்தி ஒவ்வொரு வாரமும் சர்வரின் உள் மெயிலுக்கு ஒழுங்காக வந்திருந்தது. அதை யார் படிக்கிறார்கள்?

சரி, ஒரே அப்பாச்சிக்கு ஏன் இரண்டு பெயர்?

லினக்ஸ் உலகில் சர்வர் பக்கம் இரண்டு பெரிய குடும்பங்கள். டெபியனும் அதிலிருந்து வந்த உபுண்டுவும் ஒன்று. ரெட் ஹாட், பழைய சென்ட்ஓஎஸ், ராக்கி, அல்மா எல்லாம் இன்னொன்று. வெப் சர்வர் மென்பொருள் ஒன்றேதான், ஆனால் அதைப் பொட்டலம் கட்டியவர்கள் வேறு வேறு. டெபியன்காரர்கள் அதற்கு அப்பாச்சி2 என்று பெயர் வைத்தார்கள். ரெட் ஹாட்காரர்கள் புரோகிராமின் சொந்தப் பெயரான எச்டிடிபிடியையே வைத்துக்கொண்டார்கள். பெயரோடு மற்றதும் மாறியது. சர்வர் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர் மாறியது. சர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்பது மாறியது: உபுண்டுவில் மூன்று டபிள்யூவும் டேட்டாவும் சேர்ந்த பெயர், ராக்கியில் வெறும் அப்பாச்சி. உபுண்டுவில் ஒரு தளத்தை இயக்க ஏ2என்சைட் என்று ஒரு கட்டளை உண்டு. ராக்கியில் அப்படி ஒன்றே கிடையாது, கான்ஃப்.டி ஃபோல்டருக்குள் ஃபைலைப் போட்டால் போதும். மென்பொருளை நிறுவ உபுண்டுவில் ஆப்ட், ராக்கியில் டிஎன்எஃப்.

குடும்பம் ஒன்றாகவே இருந்தாலும் தலைமுறை மாறினால் பழக்கம் மாறும். உபுண்டு 14.04-இல் சர்வீஸ்களை மேய்த்தது அப்ஸ்டார்ட். 15.04-இல் அந்த வேலை சிஸ்டம்டிக்குப் போனது. ரெட் ஹாட்டில் 7-ஆம் பதிப்போடு, 2014-இல், இதே மாற்றம் நடந்தது. அப்பாச்சியே 2.2-இலிருந்து 2.4-க்கு வந்தபோது யாரை உள்ளே விடலாம் என்று எழுதும் வரிகளின் இலக்கணத்தையே மாற்றியது. அதே சமயம் டெபியன் பக்கம், தளத்தின் கான்ஃபிக் ஃபைல் பெயர் புள்ளி கான்ஃப் என்று முடியாவிட்டால் கண்டுகொள்ளாது என்றும் ஆனது. பழைய ஃபைலை அப்படியே நகலெடுத்துக் கொண்டுபோனவர்கள், தளம் ஏன் தெரியவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தார்கள். நானும்தான்.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, பல தளங்கள் எழுதப்படும் மொழியான பிஎச்பி. உபுண்டு 18.04-இல் பிஎச்பி 7.2, 20.04-இல் 7.4, 22.04-இல் 8.1, 24.04-இல் 8.3. எண் மாறுவதில் ஒன்றுமில்லை. அந்த எண் சர்வீஸின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாக்கெட் ஃபைலின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் தொல்லை. ஸ்கிரிப்டில் 7.2 என்று எழுதி வைத்தால் இரண்டு வருடம் கழித்து அது செல்லாக்காசு. ராக்கியிலோ எண்ணே இல்லாமல் பிஎச்பி-எஃப்பிஎம் என்று மட்டும் இருக்கும்.

பெயரைக் கேட்பதா, கையில் இருப்பதைக் கேட்பதா

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதுதான்: "உபுண்டுவாக இருந்தால் இதைச் செய், சென்ட்ஓஎஸ்ஸாக இருந்தால் அதைச் செய்." கொஞ்ச நாளில் உபுண்டுவுக்குள்ளேயே 16.04-க்கு ஒன்று, 18.04-க்கு ஒன்று என்று கிளை பிரியும். அப்புறம் டெபியன் வரும், ராக்கி வரும். ஸ்கிரிப்ட் எழுதிய அன்று ராக்கி என்ற பெயரே உலகத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம், 2021-இல்தான் அதன் முதல் வெளியீடு வந்தது. பெயர்ப் பட்டியல் வைத்து எழுதியவன் புதுப் பெயர் வரும்போதெல்லாம் ஸ்கிரிப்டைத் திறந்து உட்கார வேண்டியதுதான்.

இதைத்தான் அரை மணி நேரப் பருப்புக் குறிப்பு என்கிறேன். ஊரின் பெயரை வைத்து நிமிடக் கணக்கு எழுதுவது. மேட்டுப்பாளையம் என்றால் இவ்வளவு, குன்னூர் என்றால் இவ்வளவு, ஊட்டி என்றால் இவ்வளவு. கொடைக்கானலுக்குப் போனால் என்ன செய்வீர்கள்? பருப்பு மசிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஸ்கிரிப்ட் கேட்க வேண்டிய கேள்வி "நீ யார்?" இல்லை. "எனக்கு வேண்டியது உன்னிடம் இருக்கிறதா?"

அப்படிக் கேட்க எளிய வழி ஒன்று வழக்கமாகப் பயன்படும் ஷெல்களில் எல்லாம் இருக்கிறது: கமாண்ட் என்று அடித்து, ஹைஃபன் வி போட்டு, தேடும் கட்டளையின் பெயரைக் கொடுப்பது. இருந்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும், இல்லையென்றால் தோல்விக் குறி கொடுக்கும். இஃப் போட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதே வேலைக்கு விச் என்ற கட்டளையைப் பலரும் போடுவார்கள். அது பொதுத் தரத்தில் இல்லாதது, எல்லாச் சர்வரிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. இருக்கிறதா என்று பார்க்க உதவும் கருவியே இல்லாமல் போவது கொஞ்சம் கேவலமான நிலைமை.

நல்ல உதாரணம் ஒன்று. ராக்கியில் எஸ்இலினக்ஸ் என்ற காவல் ஏற்பாடு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வீட்டு ஃபோல்டரில் இருந்த ஃபைலை வெப் சர்வர் ஃபோல்டருக்கு எம்வி போட்டு நகர்த்தினால், பழைய இடத்தின் முத்திரையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஃபைலின் அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் பக்கம் 403, அதாவது அனுமதி இல்லை என்று காட்டும். ரெஸ்டோர்கான் என்ற கட்டளையை ஓட்டினால் முத்திரை சரியாகிவிடும். உபுண்டுவில் இந்தக் கட்டளை பொதுவாக இருக்காது, தேவையும் இல்லை. இதை எப்படி எழுதுவது? "ராக்கியாக இருந்தால், அல்மாவாக இருந்தால், ரெட் ஹாட்டாக இருந்தால்..." என்று வேண்டாம். ரெஸ்டோர்கான் இருந்தால் ஓட்டு, இல்லையென்றால் விட்டுவிடு. ஒரே வரி, இயங்குதளத்தின் பெயரே வரவில்லை.

பயனர் பெயரும் இதே மாதிரிதான். ஐடி என்ற கட்டளையிடம் முதல் பெயரைக் கொடுத்து, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டாவது பெயர்.

அப்பாச்சிக்காரர்களே இந்த வழியில்தான் போகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 2.2-க்கும் 2.4-க்கும் ஒரே கான்ஃபிக் ஃபைல் கொடுக்க வேண்டியிருந்தால், பதிப்பு எண்ணைக் கேட்காமல், ஆத்ஸ்_கோர் என்ற மாட்யூல் இருந்தால் புது இலக்கணம், இல்லையென்றால் பழைய இலக்கணம் என்று ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடலாம். அந்த மாட்யூல் 2.2-இல் கிடையாது, அவ்வளவுதான்.

கருவி இருப்பது வேறு, அது வேலை செய்யும் நிலையில் இருப்பது வேறு. இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். சிஸ்டம்டியோடு பேசும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். அது இருக்கிறதா என்று கேட்டால், சில கன்டெய்னர்களில், அதாவது ஒரு சர்வருக்குள் தனியாக அடைத்து ஓட்டும் குட்டி இயங்குதளங்களில், இருக்கிறது என்றே பதில் வரும். ஆனால் பின்னால் சிஸ்டம்டி ஓடிக்கொண்டிருக்காது. அடுப்பு இருக்கிறது, சிலிண்டர் காலி. சிஸ்டம்டி உண்மையிலேயே பொறுப்பில் இருக்கிறதா என்று தெரிய, ரன் ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம்டியின் சொந்த நூலகமே இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் லாக் ஸ்கிரிப்டைத் திருத்தும்போது இந்த ஞானம் எல்லாவற்றையும் கொட்டி மூன்று கிளைகள் எழுதினேன்: சிஸ்டம்டி இருந்தால் ஒன்று, இல்லையென்றால் ஒன்று, சர்வீஸ் பெயருக்கு ஒரு சுற்று. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அப்பாச்சியோடு கூடவே வரும் அப்பாச்சிசிடிஎல் என்ற கட்டளை இரண்டு குடும்பத்திலும் இருக்கிறது. அதனிடம் கிரேஸ்ஃபுல் என்று சொன்னால், வந்திருக்கும் பார்வையாளர்களைத் துரத்தாமல் லாக் ஃபைலைப் புதிதாகத் திறந்துகொள்ளும். சர்வீஸின் பெயரே வேண்டாம். மூன்று கிளைகளையும் வெட்டி எறிந்தேன். கிளை பிரிப்பதற்கு முன்னால், பிரிக்கவே தேவையில்லாத பொதுவான ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய வரியில் அதே கட்டளைக்குக் கான்ஃபிக்டெஸ்ட் என்று சொல்லி, கான்ஃபிக் சரியா என்று பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

பெயரைக் கேட்டே ஆக வேண்டிய இடம்

மென்பொருளை நிறுவும்போது வேறு வழியில்லை. பொட்டலத்தின் பெயரே வேறாக இருந்தால் எதைச் சோதித்துப் பார்ப்பது? பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தோடு பேச உபுண்டுவில் பிஎச்பி-மைஎஸ்கியூஎல், ராக்கியில் பிஎச்பி-மைஎஸ்கியூஎல்என்டி. எச்டிடிபிஎஸ்ஸுக்கான மாட்யூல் உபுண்டுவில் அப்பாச்சியோடு சேர்ந்தே வரும், இயக்கினால் போதும். ராக்கியில் மாட்_எஸ்எஸ்எல் என்று தனிப் பொட்டலம்.

இதற்கென்றே இடிசி ஃபோல்டரில் ஓஎஸ்-ரிலீஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. 2012 வாக்கில் சிஸ்டம்டியோடு பரவியது. அதில் ஐடி என்ற வரியில் உபுண்டு, ராக்கி என்று பெயர் இருக்கும், வெர்ஷன்_ஐடி என்ற வரியில் பதிப்பு எண். பலரும் கவனிக்காமல் விடுவது ஐடி_லைக் என்ற வரியை. "நான் யார் மாதிரி" என்பதை அது சொல்கிறது: உபுண்டுவில் டெபியன் என்றும், ராக்கியில் ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ், ஃபெடோரா மூன்றும் வரிசையாகவும் இருக்கும். ஊர்ப் பெயரைக் கேட்காமல் குலம் கோத்திரம் கேட்பது போல. மற்ற இடத்தில் வேண்டாத கேள்வி, இங்கே உதவுகிறது. நாளைக்குப் புதிதாக ஒரு லினக்ஸ் வந்தாலும் அது எந்தக் குடும்பம் என்று தானே சொல்லிவிடும்.

அந்த ஃபைலைப் படிக்கும்போது இரண்டு குழிகள். அது ஷெல்லுக்குப் புரியும் வடிவில் இருப்பதால் ஒரு புள்ளி வைத்து நேரடியாக ஸ்கிரிப்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் நேம், வெர்ஷன் என்ற பெயர்களில் நீங்கள் எதையாவது வைத்திருந்தால் அதன்மேல் அது எழுதிவிடும். என் ஸ்கிரிப்டின் பதிப்பு எண் திடீரென்று உபுண்டுவின் பதிப்பு எண்ணாக மாறிப் பேக்கப் ஃபைலின் பெயரில் போய் உட்கார்ந்தது இப்படித்தான். ஒரு சப்ஷெல்லுக்குள், அதாவது தனியாகக் கிளம்பும் இன்னொரு ஷெல்லுக்குள் படித்து, வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். இரண்டாவது, பதிப்பு எண்களை எழுத்துகளாக ஒப்பிடாதீர்கள். எழுத்து வரிசையில் 10 என்பது 9-க்கு முன்னால் வரும். டெபியன் 9-இலிருந்து 10-க்குப் போன வருடம் பல ஸ்கிரிப்டுகள், புதியதைப் பழையது என்று நினைத்துக்கொண்டன.

இப்படிப் பெயர் கேட்டுப் பிரிய வேண்டிய விஷயங்களை ஸ்கிரிப்ட் முழுக்கத் தெளித்து வைக்கக் கூடாது. நம் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை செங்குத்து என்பதால், தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த சட்டம். அதைக் கவ்விப் பிடிக்கும் பல்சக்கர எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். குன்னூரில் எஞ்சின் மாறும், அங்கிருந்து ஊட்டி வரை டீசல். ஜன்னலோரம் இடம் பிடித்தவர்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் இறங்கி வடை வாங்கலாம், அவ்வளவுதான். எஞ்சின் மாறும் வேலை முழுவதும் குன்னூர் நிலையத்தில் நடந்துவிடுகிறது, ஒவ்வொரு வளைவிலும் நடப்பதில்லை.

ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் அப்படி ஒரு குன்னூர் வேண்டும். அங்கே ஒருமுறை பார்த்து, பொட்டலத்தின் பெயர் இது, லாக் ஃபோல்டர் இது, பயனர் இவர் என்று நீங்களே வைத்த பெயர்களில் குறித்துக்கொள்ளுங்கள். "நிறுவு" என்று ஒரு ஃபங்ஷன் வைத்து, ஆப்டா டிஎன்எஃப்பா என்ற கேள்வியை அதற்குள் அடைத்துவிடுங்கள். கீழே உள்ள ஐம்பது வரிகளுக்கும் எது எந்த இயங்குதளம் என்றே தெரிய வேண்டாம். புதிதாக ஒன்று வந்தால் திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான்.

முதல் வரியிலேயே இருக்கும் பொறி

ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஹாஷ், ஆச்சரியக்குறி போட்டு, எந்த ஷெல் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுவோம். நிறைய பேர் எஸ்எச் என்று எழுதிவிட்டு உள்ளே பாஷ் மொழியில் எழுதுவார்கள். ராக்கியில் எஸ்எச் என்று கூப்பிட்டால் வருவது பாஷ்தான், எனவே ஓடிவிடும். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 முதல் எஸ்எச் என்றால் டாஷ். வேகமாக எழுந்திருக்கும் சின்ன ஷெல், ஆனால் பாஷின் அலங்காரங்கள் எதுவும் தெரியாது. இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்னும். சோர்ஸ் என்றால் முழிக்கும், அதற்குப் பதில் புள்ளி வைக்க வேண்டும். எக்கோவுக்கு ஹைஃபன் இ கொடுத்தால் அதையும் சேர்த்து அச்சடித்துவிடும்; பிரிண்ட்எஃப் போட்டால் எங்கேயும் ஒரே மாதிரி வரும்.

வழி இரண்டு. பாஷ் வேண்டுமென்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள், அல்லது எஸ்எச்சுக்கு உரிய பொது மொழியில் மட்டும் எழுதுங்கள். பொது மொழி என்று நான் சொல்வது போசிக்ஸ் தரம், 1988-இல் முதலில் வெளிவந்தது. சின்ன ஸ்கிரிப்டுக்கு நான் போசிக்ஸ் பக்கம், நீளமானால் பாஷ். எது என்று உங்களுக்கே தெரியாமல் இரண்டையும் கலக்காதீர்கள். ஷெல்செக் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. முதல் வரியில் எஸ்எச் என்று எழுதிவிட்டு உள்ளே பாஷ் வாடை அடித்தால் வரி எண்ணோடு பிடித்துக் கொடுக்கும். எனக்கு யாரும் ஆரம்பத்திலேயே சொல்லாமல் போன விஷயம் இது.

மற்ற சில்லறைத் தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேக் லேப்டாப்பில் எழுதிச் சர்வரில் ஓட்டுகிறவர்களுக்கு செட் (sed) என்ற திருத்தும் கட்டளையின் ஹைஃபன் ஐ கழுத்தறுக்கும், ஏனென்றால் மேக்கில் அதற்குப் பின்னொட்டு ஒன்று கட்டாயம். புள்ளி பேக் என்று ஐ-யோடு ஒட்டி எழுதினால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும், பழைய ஃபைலின் நகலும் மிஞ்சும். "நேற்று" என்ற தேதியைக் கேட்கும் விதமும் மேக்கில் வேறு. விண்டோஸில் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்ட், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சுமந்துகொண்டு வரும். முதல் வரியில் எழுதிய ஷெல்லே இல்லை என்று சர்வர் சாதிக்கும், உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். கையால் ஓட்டும்போது ஓடி, க்ரானில் ஓடாத ஸ்கிரிப்டென்றால் பெரும்பாலும் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், குறைவு. க்ரான் பார்க்கும் ஃபோல்டர்கள் கொஞ்சம்தான், அப்பாச்சிசிடிஎல் இருக்கும் எஸ்பின் அதில் பெரும்பாலும் இருக்காது. ஸ்கிரிப்டின் தலையிலேயே பாத்தை நீங்களே முழுதாக எழுதிவிடுங்கள்.

எத்தனை இயங்குதளங்களுக்குத் தாங்கும்படி எழுதுவது? எல்லாவற்றுக்கும் வேண்டாம். சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பரோடும், சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூனோடும் ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத சர்வருக்காக ஸ்கிரிப்டில் ஒரு கிளை எழுதுவதைவிட, அந்தச் சர்வரை மாற்றச் சொல்லி உரிமையாளரிடம் சண்டை போடுவது நல்லது. சர்வர் பத்தைத் தாண்டினால் பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் போன்ற ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆப்ட், டிஎன்எஃப் வித்தியாசத்தை அது தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் பொட்டலப் பெயர் வித்தியாசத்தை அங்கேயும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு சர்வர் வாங்க வேண்டியதில்லை. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் இருந்தால் உபுண்டு 22.04, டெபியன் 12, ராக்கி 9 என்று ஆளுக்கு ஒரு கன்டெய்னர் எழுப்பி, ஸ்கிரிப்டை ஓட்டி, கலைத்துவிடலாம். மழைக்காலத்தில் கோத்தகிரியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால் இமேஜ்களை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்வேன். வழக்கமாகக் கன்டெய்னருக்குள் சிஸ்டம்டி ஓடாது. சர்வீஸ் சம்பந்தப்பட்ட பகுதியை அங்கே முழுதாகச் சோதிக்க முடியாது, அதற்கு ஒரு வர்ச்சுவல் மெஷின் வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் பெண் அரவேணுவிலிருந்து வருகிறாள். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிண்ணா, அப்பாச்சிசிடிஎல்லும் இல்லை, எந்தப் பொட்டலமும் இல்லை, ஓஎஸ்-ரிலீஸும் இல்லைன்னா என்ன பண்ணும்?" என்றாள். "என்ன பண்ணணும்னு நீயே சொல்லு" என்றேன். "நின்னுடணும்" என்றாள். நிற்க வேண்டும், அதுவும் லாக் ஃபைலில் கை வைப்பதற்கு முன்னால் நிற்க வேண்டும். என் பழைய ஸ்கிரிப்ட் முதலில் பெயரை மாற்றியது, அப்புறம் சுருக்கியது, கடைசியில்தான் அப்பாச்சியைத் தேடியது. தேடல் முதலில் நடந்திருந்தால் அந்த மே மாதம் ஒன்றும் ஆகியிருக்காது.

அன்று மாலை அவளே வரிசையைத் திருப்பி எழுதினாள். மேலே செட் (set) ஹைஃபன் இ, அதாவது ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நின்றுவிடு. அடுத்து பாத். அடுத்து, தேவையானவை எல்லாம் இருக்கின்றனவா என்ற சோதனை. ஒன்று குறைந்தாலும் எது இல்லை என்று பிழை வழியில் எழுதிவிட்டு, எக்ஸிட் 1. அந்தத் தோல்வியை, யாரும் படிக்காத உள் மெயிலுக்குப் பதில் எங்கள் இருவர் ஃபோனுக்கும் அனுப்ப ஒரு வரி. அதற்குக் கீழேதான் உண்மையான வேலை.

பிறகு, நான் சொல்லாமலே ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் கன்டெய்னர் ஒன்றை எழுப்பினாள். டெபியனும் இல்லை, ரெட் ஹாட்டும் இல்லை, பாஷ்கூடக் கிடையாது. ஸ்கிரிப்ட் எஸ்எச் மொழியில் இருந்ததால் தடுமாறாமல் ஓடத் தொடங்கி, சோதனை வரியில் "அப்பாச்சிசிடிஎல் இங்கே இல்லை" என்று எழுதிவிட்டு நின்றது. லாக் ஃபோல்டரில் போலியாக வைத்திருந்த ஃபைல் அதே பெயரில், அதே அளவில் அங்கேயே இருந்தது. இரண்டு பேர் ஃபோனும் ஒரே சமயத்தில் ஒலித்தன.